அம்மாவின் வேலிப் பொட்டு

நடுவர் ஐயா அவர்களுக்கும், எனக்கு முன்னம் பேசிய மற்ற இரண்டு அணி நண்பர்களுக்கும், கோயில் வீதி மணலில் பாயை விரித்துக்கொண்டு இந்த நேரம் மட்டும் எழும்பாமல் இருக்கிற உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

இன்றைக்குச் சித்திரா பௌர்ணமி. தகப்பன் இல்லாதவர்களுக்கு ஆடி அமாவாசை, தாய் இல்லாதவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி என்பது யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. இங்கே இருக்கிறவர்களில் பாதிப் பேர் காலையிலிருந்து விரதம் பிடித்து, யமனுக்குக் கணக்கெழுதுகிற சித்திரபுத்திரனாரின் கதை கேட்டு, மத்தியானம் கோயில் கஞ்சியைச் செம்பிலும் வாளியிலும் வாங்கிக்கொண்டு போனவர்கள். நானும் அதில் ஒருத்தி. அம்மா போய் ஐந்து வருடமாகிறது. இப்படியான நாளில், "ஒரு தாயை நினைக்கும்போது மனதில் நிலைத்து நிற்பது அவளுடைய குடும்பப் பாசமா, இறைபக்தியா, ஊர்த்தொண்டா?" என்ற தலைப்பைத் தந்து, தொண்டே என்று பேச என்னை நிறுத்தியிருக்கிறீர்கள். வேறு எந்தப் பக்கம் பேசச் சொல்லியிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன் ஐயா.

குடும்பப் பாசமே என்று பேசிய தம்பி பட்டினத்தாரைக் கொண்டுவந்தார். ஊரைத் துறந்தார், செல்வத்தைத் துறந்தார், தாயை மட்டும் துறக்க முடியாமல் கொள்ளி வைக்கத் திரும்பி வந்தார் என்று அவர் சொன்னபோது எனக்கும் கண் கலங்கியது, மறைக்க ஒன்றும் இல்லை. பக்தியே என்று பேசிய தங்கச்சி, பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை சொன்ன கந்தபுராண கலாசாரத்தை நினைவுபடுத்தி, கந்தசஷ்டிக்கு ஆறு நாள், கேதாரகௌரிக்கு இருபத்தொரு நாள் என்று வயிற்றைக் காயவிட்டுத்தான் எங்கள் அம்மாமார் எங்களை வளர்த்தார்கள் என்று சொன்னார். அதுவும் உண்மை. என்னுடைய அம்மாவும் அந்த விரதமெல்லாம் பிடித்தவர்தான், ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்தான். எதிரணிகள் சொன்ன எதையும் பொய் என்று சொல்ல நான் எழும்பவில்லை. அம்மாவை நினைத்தவுடன் எனக்கு முதலில் கண்ணுக்குள் வருவது எது என்று மட்டும் சொல்கிறேன், அது ஏன் அப்படி வருகிறது என்றும் சொல்கிறேன், தீர்ப்பை நீங்கள் பாருங்கள்.

எனக்கு வருவது ஒரு வேலிப் பொட்டு.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இப்போது எல்லா வளவுக்கும் மதில் வந்துவிட்டது. அப்போது வேலி. கிளுவை, பூவரசு, முருங்கை என்று கதியால் நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்து வரிந்து கட்டுவார்கள். வருடத்துக்கு ஒரு தடவை வேலி அடைக்க வேண்டும். அந்த வேலியில் ஓரிடத்தில், பக்கத்து வளவுக்குப் போய்வர, ஒரு ஆள் குனிந்து நுழையிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். அதற்குத்தான் பொட்டு என்று பெயர். எங்கள் வீட்டுப் பொட்டு கிணற்றடிக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர், கோண்டாவில் பக்கத்தில் அந்த நாளில் வீட்டுக்கு வீடு சுருட்டுத்தான். வேலி அடைக்கிற நாளில் அவர் கடைசி ஓலையையும் வைத்துக் கட்டிவிட்டு நிமிர்வார், அம்மா வந்து பார்த்துவிட்டு, "உதிலை கொஞ்சம் விடுங்கோவன்" என்பார். அப்பா ஒன்றும் பேசாமல் அந்த இடத்துக் கட்டை அவிழ்ப்பார். ஒவ்வொரு வருடமும் இது நடந்தது. முன்னமே விட்டுக் கட்டியிருக்கலாம்தானே என்று நான் நினைப்பேன். இப்போது யோசிக்கும்போது, அம்மா வந்து கேட்க வேண்டும் என்றே அப்பா அப்படிச் செய்தாரோ என்று தோன்றுகிறது.

அந்தப் பொட்டால் போனதுதான் அம்மாவின் வாழ்க்கை. காலையில் புட்டு அவித்தால் நீத்துப்பெட்டியிலிருந்து தட்டுகிற முதல் புட்டு வாழையிலையில் சுற்றிப் பொட்டால் போகும், அங்கே ஒரு வயது போன ஆச்சி படுக்கையில் இருந்தார். செத்த வீடு என்றால் சமையல் முழுக்க எங்கள் குசினியில்தான், அங்கே அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் சோறும் இரண்டு மரக்கறியும் கடகத்தில் வைத்து எங்கள் தலையில் ஏற்றிவிடுவார். ஒவ்வொரு நாளும் உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடி அள்ளி அடுப்படி மூலையில் இருந்த மண்முட்டிக்குள் போடுவார். அந்தப் பிடியரிசி மாதத்துக்கு ஒரு தடவை கோயிலுக்குப் போகும், அல்லது ஒழுங்கையில் யாருக்கு முடியவில்லையோ அவர்களுடைய வீட்டுக்குப் போகும். எங்களுக்கே அரிசி தட்டுப்பாடான மாதத்திலும் அந்தப் பிடி குறையவில்லை, அம்மாவின் தட்டுத்தான் குறைந்தது.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு மின்சாரம் போனது. பொருளாதாரத் தடையும் வந்தது. பற்றரி இல்லை, சீமெந்து இல்லை, உரம் இல்லை, மண்ணெண்ணெய் சொட்டுக் கணக்கில். சவர்க்காரம் வாங்க வழியில்லாமல் பனம்பழத்தைப் பிசைந்து துணி தோய்த்த காலம், காயப்போட்ட துணியை மாடு வந்து சப்பிவிட்டுப் போகும். அந்தக் காலத்தில் படித்த எல்லாருக்கும் ஜாம் போத்தல் விளக்கைத் தெரியும். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், கம்பியில் கட்டிய திரி ஒன்று. பெருவிரல் நகம் அளவு வெளிச்சம். புத்தகத்தைப் போத்தலோடு ஒட்டி வைத்தால் இரண்டு வரி தெரியும், மூன்றாவது வரிக்குப் புத்தகத்தை மேலே தள்ள வேண்டும். காலையில் எழும்பி மூக்கைத் துடைத்தால் கறுப்பு.

நான் ஓஎல், அதாவது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பொட்டுக்கு அங்காலே இருந்த பிள்ளையும் என் வகுப்பு. அவர்கள் வீட்டில் அந்தக் கிழமை மண்ணெண்ணெய் சுத்தமாக முடிந்துபோனது, எங்களிடம் ஒரு விளக்குக்குக் காணக்கூடிய அளவு இருந்தது. அம்மா விளக்கைத் தூக்கினார். "இதைக் கொண்டுபோய் அவளிட்டைக் குடு பிள்ளை" என்றார். எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. "எனக்கும்தானே சோதினை, ஏனம்மா குடுக்கிறியள்?" என்று கத்தினேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, இதில் கோபிக்க என்ன இருக்கிறது என்பது போல, "விளக்கோடை நீயும் போவன்" என்றார்.

போனேன். வேறு என்ன செய்வது? பொட்டுக்குள் குனியும்போது விளக்கு அணையாமல் இருக்கக் கையால் மறைத்துக்கொண்டு போனது நினைவிருக்கிறது, உள்ளங்கை சுட்டது. அங்கே திண்ணையில் ஒரு விளக்குக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் இருந்து படித்தோம், பிறகு அவளுடைய தம்பியும் வந்து மூன்றாவது பக்கத்தில் இருந்தான். பரீட்சை முடியும் மட்டும் அப்படித்தான். அவளுக்குக் கணக்கு வராது, எனக்கு வரும். நான் சொல்லிக்கொடுத்தேன் என்று அப்போது பெருமைப்பட்டேன். உண்மையில், சொல்லிக்கொடுத்தபடியால்தான் எனக்குக் கணக்கு ஒழுங்காக விளங்கியது. இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்குப் படிப்பிக்கிறேன் ஐயா, அந்தத் திண்ணையில் தொடங்கியது அது.

சரி, இப்போது குடும்பப் பாச அணித் தம்பி என்னைப் பிடிப்பதற்கு ஒரு இடம் இருக்கிறது. அவர் பிடிக்க முன்னம் நானே சொல்லிவிடுகிறேன்.

1995 ஒக்டோபர் 30. வலிகாமத்தில் இருந்த யாருக்கும் அந்தத் திகதியை விளக்க வேண்டியதில்லை. சண்டை நெருங்கி வர, இரவோடு இரவாகச் சனம் முழுக்க எழும்பி, லட்சக்கணக்கில், செம்மணி வெளியால், நாவற்குழிப் பாலத்தால், மழையில் நனைந்துகொண்டு தென்மராட்சிக்குப் போனது. பாலத்தடியில் ஒரு அடி வைக்கிறதற்கு எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. அப்பா சைக்கிளை உருட்டினார், சைக்கிளில் அரிசி மூட்டையும் அதற்கு மேல் தம்பியும். எங்கள் கடைக்குட்டி அவன், அப்போது ஒன்பது வயது. மட்டுவிலில் ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் இடம் கிடைத்தது. விறாந்தை முழுக்கக் குடும்பங்கள், குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் இடையில் ஒரு சேலைதான் சுவர்.

மழையில் நனைந்ததில் தம்பிக்குக் காய்ச்சல் பிடித்தது. அம்மாவின் சேலைத் தலைப்பு முடிச்சில் நாலு பனடோல் இருந்தது. நாலே நாலு. வேறு வாங்க எங்கே போவது? சேலைக்கு அங்காலே ஒரு இளம் தாய், கையில் பிள்ளை, பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிறது, அந்தப் பிள்ளை அழக்கூடச் சத்தில்லாமல் முனகிக்கொண்டிருந்தது. அம்மா முடிச்சை அவிழ்த்து இரண்டு குளிசையை எடுத்து அந்தத் தாயின் கையில் வைத்தார், பிள்ளைக்கு எவ்வளவு உடைத்துக் கரைத்துக் கொடுக்க வேண்டும் என்று அங்கே நின்ற ஒரு தாதியைக் கூப்பிட்டுக் கேட்டும் கொடுத்தார். மிச்சம் இரண்டு தம்பிக்கு. அது இரவுக்குக் காணவில்லை. விடியும் மட்டும் அம்மா ஈரத்துணி வைத்து வைத்து எடுத்தார், தம்பி பினாத்தினான், அப்பா முதல் தடவையாக எங்களுக்கு முன்னால் அம்மாவைப் பேசினார். "பெத்த பிள்ளையை விட உனக்கு ஊர்ப்பிள்ளை பெரிசாப் போச்சு" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். அந்த மங்கல் வெளிச்சத்தில் அவருடைய விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கி வெள்ளையாக இருந்ததை நான் பார்த்தேன்.

அன்றைக்கு அப்பா பக்கம்தான் நான். இன்றைக்கும் ஒரு பிள்ளைக்குத் தாயாக நின்று யோசித்தால், நான் அந்த முடிச்சை அவிழ்த்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது. தொண்டு லேசான காரியம் என்று சொல்லி நான் இங்கே கைதட்டு வாங்கப் போவதில்லை. அதற்கு வீட்டுக்காரர்தான் விலை கொடுக்கிறார்கள், அம்மாவின் தொண்டுக்கு நாங்கள் ஐந்து பேரும் அப்பாவும் விலை கொடுத்தோம், சில நேரம் முகம் சுளித்துக்கொண்டு.

ஆனால் கேளுங்கள். அந்தத் தம்பி பிழைத்தான், வளர்ந்தான், இப்போது கனடாவில் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அம்மாவோடு அவனுக்கு எத்தனையோ நினைவு இருக்கும், ஊட்டியது, தாலாட்டியது, விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுதது. அம்மா செத்த பிறகு தொலைபேசியில் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அக்கா, அந்தப் பிள்ளை தப்பிச்சுதோ?" எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. சேலைக்கு அங்காலே இருந்த அந்தக் கைக்குழந்தையைக் கேட்கிறான். இரண்டு நாளில் அந்தக் குடும்பம் கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டது, பிறகு எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. இத்தனை வருடமாக அவன் அதை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். தனக்குக் கிடைக்காத இரண்டு குளிசையைப் பற்றி அவனுக்குக் கோபம் இல்லை ஐயா, அது போன இடத்தைப் பற்றித்தான் கவலை. பாசத்தால் வளர்ந்த பிள்ளையின் மனதில் கடைசியில் நின்றது எது என்று குடும்ப அணித் தம்பியே சொல்லட்டும்.

பக்தி அணிக்கு வருகிறேன். தங்கச்சி காரைக்கால் அம்மையாரைச் சொன்னார், இறைவனே அம்மை என்று அழைத்த தாய் என்றார். அந்தக் கதை எங்கே தொடங்குகிறது? கணவன் இரண்டு மாம்பழம் அனுப்புகிறான். அவன் வர முன்னம் பசியோடு ஒரு சிவனடியார் வாசலில் வந்து நிற்கிறார். கறி இன்னும் ஆகவில்லை. சோற்றைப் போட்டு, ஒரு மாம்பழத்தையும் வைத்துச் சாப்பிடக் கொடுக்கிறார். அவ்வளவுதான். மற்ற அற்புதமெல்லாம் அதற்குப் பிறகு. வாசலில் வந்து நின்ற பசி அந்தக் கதையின் முதல் வரி, இறைவன் தந்த மாம்பழம் இரண்டாவது வரி. ஆறுமுக நாவலர் பெருமானையும் தங்கச்சி சொன்னார், சைவத்தைக் காத்தவர் என்று. 1877 பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்துச் சனத்துக்குக் கஞ்சி ஊற்றியதும் அதே நாவலர்தான், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்குச் செல்வச்சந்நிதி என்றால் உயிர். தொண்டைமானாற்றங்கரையில் முருகன், வாயை வெள்ளைத் துணியால் கட்டிப் பூசை செய்கிற கோயில், அறுபத்தைந்து ஆலமிலையில் அமுது படைக்கிற கோயில், அன்னதானக் கந்தன் என்று சொன்னால்தான் ஊரில் விளங்கும். அம்மா அங்கே போனால் எங்களுக்குத் தெரியும், கும்பிட்டு முடித்தாரோ இல்லையோ, பின்னேரம் மட்டும் ஆளைக் காணாது. தேடிப் போனால் மடத்தில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருப்பார், அரிவாளைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற முன்பின் தெரியாத மனிசிமாரோடு கதைத்துக்கொண்டு. "கும்பிட்டாச்சோ அம்மா?" என்று கேட்டால், "இதென்ன செய்யிறன் பின்னை?" என்பார். இதைவிட அதிகமாக அவர் கடவுளைப் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை.

வீட்டில் சாமி அறையிலும் இதே கதைதான். விடியப்புறம் தேவாரம் படித்துக்கொண்டிருப்பார். படலையில் யாராவது "அம்மா" என்று கூப்பிட்டால், தேவாரம் அந்த இடத்தில் நிற்கும். எழும்பிப் போய், வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, விஷயம் கேட்டு, அனுப்பிவிட்டு வந்து, விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். கந்தசஷ்டியின்போது ஒரு தடவை ஐயரம்மா ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, பாட்டை இடையில் நிறுத்தக் கூடாது பிள்ளை என்றார். அம்மா சிரித்துக்கொண்டே, "அவர் இருப்பார், இவை போயிடுவினம்" என்றார். இவ்வளவு பெரிய நம்பிக்கையை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. இருக்கிறார் என்று அவ்வளவு நிச்சயம் இருந்தபடியால்தான் அவரைக் காக்க வைத்துவிட்டுப் படலைக்குப் போக முடிந்தது. அம்மாவின் பக்தியை நான் குறைக்கவில்லை தங்கச்சி. அந்தப் பக்தி என் கண்ணுக்குத் தெரிந்த இடம் தேத்தண்ணிக் கோப்பை என்று மட்டும் சொல்கிறேன்.

இன்னும் ஒரு தாயைச் சொல்ல வேண்டும். சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார். 1925 இல் பிறந்து 2008 இல் மறைந்தவர். ஆசிரியையாக இருந்தவர், திருமணம் செய்யவில்லை, வயிற்றில் ஒரு பிள்ளை சுமக்கவில்லை. தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயில் நிர்வாகத்தைப் பொறுப்பெடுத்து, அங்கே தாய் தகப்பனை இழந்த பெண்பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார். அவருடைய பேச்சைக் கேட்க எங்கள் அம்மா எங்களையும் இழுத்துக்கொண்டு போவார், கூட்டத்துக்குள் நின்று எட்டிப் பார்த்த நினைவு இருக்கிறது. கோயில் உண்டியலில் விழுகிற காசு பிள்ளைகளின் சோறாகவும் சீருடையாகவும் புத்தகமாகவும் மாறலாம் என்று செய்து காட்டியவர். அந்த இல்லத்தில் வளர்ந்த எத்தனையோ பெண்பிள்ளைகளுக்கு அவர் அம்மா. குடும்பப் பாச அணி இதற்கு என்ன சொல்லப் போகிறது என்று உண்மையாகவே எனக்குக் கேட்க ஆசை. பெறாதவரையும் அம்மா என்று ஊர் கூப்பிடுகிறதென்றால் அந்தச் சொல்லை அவருக்கு வாங்கிக் கொடுத்தது எது?

காலையில் சித்திரபுத்திரனார் கதை படிக்கும்போது நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவருடைய ஏட்டில் அம்மாவின் பக்கத்தில் என்ன எழுதியிருப்பார்? ஐந்து பிள்ளை என்று எழுதியிருப்பாரா? பெற்ற பிள்ளையை எந்த உயிரும் பார்க்கும், எங்கள் வீட்டுப் பூனையும் பார்க்கிறது. நாலு குளிசையில் இரண்டு என்று ஒரு வரி எழுதியிருப்பார் என்றுதான் எனக்குப் பட்டது.

இப்போது எங்கள் தவறு ஒன்றைச் சொல்கிறேன். அம்மாவின் முப்பத்தோராம் நாளுக்கு, அந்தியேட்டிக்கு, எல்லாரும் செய்கிறது போல நினைவு மலர் அடித்தோம். நல்ல தாள், கலர்ப் படம். அண்ணா லண்டனில் இருந்து எழுதினார், நான் திருத்தினேன். அம்மா பிறந்த திகதி, தாய் தகப்பன் பெயர், திருமணம், ஐந்து பிள்ளைகளின் பெயர், மருமக்கள், பேரப்பிள்ளைகள், அவர்கள் இருக்கிற நாடுகள், எல்லாம் இருந்தது. அம்மா பிடித்த விரதங்கள், போன கோயில்கள், படித்த தேவாரங்கள், அதுவும் இருந்தது. குடும்பமும் பக்தியும் நிறைய, எதிரணிகள் இரண்டும் சந்தோஷப்பட்டிருக்கும். சாப்பாட்டுப் பந்தி முடிந்து, வந்த சனம் மலரை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து வளவுப் பிள்ளை, அந்த விளக்குக்கு எதிர்ப்பக்கம் இருந்து படித்தவள், இப்போது அவளுக்கும் தலை நரைத்துவிட்டது, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் மட்டும் புரட்டினாள். திரும்பவும் புரட்டினாள். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்: "உதிலை பொட்டைப் பற்றி ஒண்டும் போடேல்லையே?"

போடவில்லை. முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு வரி கூடப் போடவில்லை. எங்களுக்கு அது எழுதுகிற விஷயமாகவே தோன்றவில்லை, காற்றைப் பற்றி யார் எழுதுவார்கள்? வீட்டுக்குள் இருந்து பார்த்த எங்களுக்கு எங்கள் அம்மா தெரிந்தார். வேலிக்கு அங்காலே இருந்து பார்த்தவளுக்குத்தான் அம்மா முழுதாகத் தெரிந்தார்.

1996 இல் நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது வேலியே இல்லை. கதியால் நாலைந்து தளிர்த்து நின்றது, மற்றபடி இந்த வளவு எது அந்த வளவு எது என்று தெரியாத பற்றை. அப்பா திரும்ப வேலி அடைக்கத் தொடங்கியபோது அம்மா கிணற்றடியில் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார், இந்த இடத்தில் வேலி வரக்கூடாது என்று அடையாளம். வீட்டுக்குக் கூரை போட முன்னம் பொட்டுக்கு இடம் பார்த்தார் என்று அப்பா சாகும் மட்டும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார். மட்டுவிலில் பேசின அதே அப்பாதான்.

பிறகு தம்பி காசு அனுப்பி மதில் கட்டச் சொன்னான். எல்லா வீட்டுக்கும் மதில், எங்களுக்கும் மதில். மேசன் நூல் பிடித்துக் கல் வைத்துக்கொண்டு வந்தார், கிணற்றடிக்கு வந்ததும் அம்மா கதிரையைக் கொண்டுவந்து நடுவில் போட்டு இருந்துவிட்டார். "இதிலை விடுங்கோ" என்றார். "எவ்வளவு அகலம் அம்மா?" என்று மேசன் கேட்டார். அம்மா எழும்பி, கையில் ஒரு சட்டி இருப்பது போலப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நடந்து காட்டினார். அந்த அளவுக்கு விட்டார் மேசன். நல்ல சீமெந்து மதிலில் காரணமில்லாத ஒரு வெளி, பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள், காசு முடிந்துபோச்சோ என்று.

அம்மா போன பிறகு, கள்ளர் காலம், அதில் ஒரு இரும்புக் கேற்றாவது போடுவோம் என்று அண்ணா சொன்னார். நியாயமான பேச்சு. நான் இன்னும் போடவில்லை.

இன்று மத்தியானம் கோயிலில் வாங்கிய கஞ்சியில் ஒரு வாளியை அந்தப் பொட்டால் நீட்டினேன். பக்கத்து வளவுப் பிள்ளையும் இந்த வருடம்தான் தாயை இழந்தாள், இது அவளுக்கு முதல் சித்திரா பௌர்ணமி. ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனாள். நான் பட்டிமன்றத்துக்கு வெளிக்கிட்டுச் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தபோது கிணற்றடியில் வாளி வைக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். வாளி கழுவித் துடைத்து இருந்தது, உள்ளே நாலு முருங்கைக்காய்.

நன்றி, வணக்கம்.